போல்ட் போல்ட்டாக கழன்றது 'ஹெரால்டு' கார்
"ஆர்.சி. புத்தகம் மட்டும் போதும்" என்று வந்த ஆசாமிகள் ஓட்டம்!

சென்னை அயனாவரத்தில் ஒரு பழைய வீடு. அதை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். பீரோ, கட்டில், ஆட்டுக்கல் எல்லாம் போய்விட்டன. கார் ஷெட்டில் ஒன்று மட்டும் மிச்சம். ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1969-ம் ஆண்டு மாடல். பின் சீட்டில் எலி குடும்பம்.

சொந்தக்காரர் ஓய்வு பெற்ற டிராயிங் வாத்தியார். 1981-ல் இரண்டாம் கையாக வாங்கியவர். புதுப்பேட்டையில் இருந்து ஒரு மெக்கானிக்கை கூட்டி வந்தார். கூவம் கரையோரம் 40 வருஷமாக ஸ்பானர் பிடிக்கும் கை அது.

வந்தவர் சுற்றி வந்து பார்த்தார். குனிந்து ஸ்குரூ டிரைவரால் சேசிசை ஒரு குத்து குத்தினார். பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

"வாத்தியார் சார், மேலே அழகா இருக்கு. கீழே ஒண்ணும் இல்லே."

நம்ம ஊர் கார்

இந்த காரை பார்த்திராத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அம்பாசிடர் கல்கத்தா பக்கம் பிறந்தது. பியட் பம்பாயில். ஹெரால்டு மட்டும் நம்ம சென்னை சரக்கு. இங்கிலாந்தில் 1959-ல் 'டிரையம்ப் ஹெரால்டு' என்று வந்ததை, 1961 முதல் சென்னை ஸ்டாண்டர்டு கம்பெனி செய்தது. வடிவம் போட்டவர் இத்தாலிக்காரர் மிசெலாட்டி. 948 சி.சி. என்ஜின். வெள்ளைக்காரன் ஊரில் இரண்டு கதவுதான். நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும் உண்டு. கம்பெனி 1988-ல் கார் செய்வதை நிறுத்திவிட்டது. அதனால்தான் உதிரி பாகத்துக்கு இத்தனை கிராக்கி.

பானெட்டை திறப்பதே ஒரு வேடிக்கை. இரண்டு பக்க கொக்கியை விட்டால், மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து மூஞ்சி மொத்தமும் முன்பக்கமாக சாயும். மெக்கானிக் முன் டயரில் ஜம்மென்று உட்கார்ந்து வேலை பார்ப்பார். பாடியும் ஒரே வார்ப்பு அல்ல. துண்டு துண்டாக போல்ட்டில் நிற்பது. கியாஸ் கட்டருக்கு வேலையே இல்லை. துரு பிடித்த போல்ட்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ராத்திரி பூரா ஊறவிட்டு, காலையில் கழற்றினார்கள்.

வந்த வழியே பார்த்து நின்றது!

பின் சக்கரம்தான் இதில் பொல்லாதது. இரண்டும் தனித்தனியே ஆடும் அச்சு. நாலு பேர் பின்னால் ஏறினால், பொதி சுமந்த கழுதை போல காலை அகட்டும். ஜாக்கி வைத்து தூக்கினால் உள்பக்கம் மடக்கிக்கொள்ளும்.

1983-ல் பூந்தமல்லி ரோட்டில் மழை. வளைவில் வேகமாக திருப்பிய வாத்தியார், பயத்தில் ஆக்சிலேட்டரை பட்டென்று விட்டார். வால் சுழன்றது. கார் வந்த வழியையே பார்த்து நின்றது. மடியில் குழந்தையோடு மனைவி. "அன்னியிலேர்ந்து வளைவுன்னாலே கண்ணை மூடிக்குவேன்" என்கிறார் அந்த அம்மாள். பிறகு வந்த 'கெசல்' மாடலில் இந்த அச்சை மாற்றிவிட்டார்கள்.

ஆனால் சந்தில் திருப்ப இதை மிஞ்ச ஆள் கிடையாது. 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும். ஆட்டோக்காரர்களே வாய் பிளப்பார்களாம்.

முன் சக்கரத்தில் 'டிரனியன்' என்று ஒரு பித்தளை மரை. அதற்கு கிரீஸ் அடிக்கக்கூடாது. கியர் ஆயில் விட வேண்டும். தெரியாதவர் கிரீஸ் அடித்தால் தண்டு தேய்ந்து ஒருநாள் ஒடியும். சக்கரம் மடங்கும். வாத்தியார் மாதா மாதம் தன் கையாலேயே ஆயில் விட்டவர். அந்த மரையை கழற்றிப் பார்த்த மெக்கானிக் துணியால் துடைத்து தனியே வைத்தார். "இதை எடைக்கு போடமாட்டேன் சார்."

மோட்டார் சைக்கிளில் இருவர்

இரண்டாம் நாள் மதியம். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். கார் வேண்டாமாம். ஆர்.சி. புத்தகமும், சேசிஸ் நம்பர் தகடும் போதுமாம். கையில் ரொக்கம்!

அந்த அம்மாளுக்கு ஆசை. வீடு மாற்றும் செலவு இருக்கிறதே. "கொடுத்தா என்ன பாய்?" என்று கேட்டார்.

"வேணாம்மா. செத்த வண்டி நம்பர் திருட்டு வண்டியிலே ஏறும். போலீஸ் உங்க வீட்டுக்குத்தான் வரும்" என்றார் மெக்கானிக். ஸ்பானரோடு அவர் வாசலுக்கு வந்ததும் ஆசாமிகள் நழுவிவிட்டார்கள்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. உபயோகத்துக்கு லாயக்கற்றுப்போன வண்டியை 14 நாளில் ஆர்.டி.ஓ.வுக்கு தெரிவிக்க வேண்டும் என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகன சட்டம். ஆர்.சி.யையும் ஒப்படைக்க வேண்டும். பலர் இதை செய்வதில்லை. காயலான் கடையில் தள்ளிவிட்டு மறந்துவிடுகிறார்கள். 50 வயது தாண்டிய காரை 20 ஆயிரம் ரூபாய் கட்டி 'விண்டேஜ்' என்று பதிவு செய்ய 2021 முதல் வழி இருக்கிறது. வாத்தியாரும் விசாரித்தார். சேசிஸ் இருந்தால்தானே!

பானெட்டும், டிரனியனும் கோவைக்கு லாரி பார்சலில் போயின. அங்கே ஒருவர் இன்னும் ஹெரால்டு ஓட்டுகிறார். கியர்பாக்ஸ் புதுப்பேட்டை கடையில் இருக்கிறது. சேசிஸ் பதிவு பெற்ற உடைப்பு மையத்துக்கு போனது. வாத்தியார் கூடவே போய் சான்றிதழ் வாங்கிய பிறகுதான் வீடு திரும்பினார்.

நாலு கதவும் நேற்று வரை விலை போகவில்லை. கடை வாசலில் சாத்தி வைத்திருக்கிறார்கள்.