கவலைக்குப் புளி, கிழங்கானுக்கு உப்பு

நெய்வேலி என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பழுப்பு நிலக்கரிதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்குள்ள மீன் கடைப் பக்கம் போனால், இது கடலோர ஊரோ என்று சந்தேகம் வந்துவிடும். கடலூர் துறைமுகம் சுமார் 40 கிலோமீட்டர்தான். பரங்கிப்பேட்டையும் எட்டிவிடும் தூரம். ஏரி மீனுக்கும் பஞ்சமில்லை. சுரங்கத்திலிருந்து இடைவிடாமல் இறைக்கும் நிலத்தடி நீர் போய்ச் சேரும் வாலாஜா ஏரியும் பெருமாள் ஏரியும் ஒரு பக்கம், வீராணம் இன்னொரு பக்கம். இத்தனை வகை மீன் கிடைக்கிற ஊரில், எதை வாங்கினாலும் அதே மிளகாய்த்தூள், அதே புளி, அதே கொதி என்று சமைப்பதுதான் நம் வழக்கம். கவலை மீனுக்கு அது பொருந்தும். கிழங்கானுக்கு அது அநியாயம்.

ஒரு மீன் கவுச்சி அடிக்கிறது, இன்னொன்று அடிப்பதில்லை. ஏன்?

கடல் நீரின் உப்பு மீன் உடம்பில் உள்ளதைவிட அதிகம். சும்மா இருந்தால் உடம்பின் நீரைக் கடல் உறிஞ்சிக்கொள்ளும். அதைச் சமாளிக்கக் கடல் மீன்கள் தங்கள் செல்களில் சில பொருள்களைச் சேர்த்து வைக்கின்றன. அவற்றில் ஒன்று ட்ரைமெத்திலமீன் ஆக்சைடு. இதற்கு மணமே கிடையாது. மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் இதிலுள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ள, மிஞ்சுவது ட்ரைமெத்திலமீன். நாம் மூக்கைச் சுளிக்கும் கவுச்சி இதுதான். பிடித்த கையோடு சமைக்கும் மீனவர் வீட்டுக் குழம்பில் கவுச்சி தெரியாததன் காரணமும் இதுவே.

இந்த ட்ரைமெத்திலமீன் எளிதில் ஆவியாகிற ஒரு காரப்பொருள். அமிலம் பட்டால் உப்பாக மாறிக் குழம்பிலேயே தங்கிவிடும், மூக்குக்கு வராது. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். வேதியியல் என்ற படிப்பு வருவதற்கு முன்பே நம் பாட்டிமார் மீனோடு புளியைச் சேர்த்துவிட்டார்கள். கேரளத்தில் குடம்புளி, ஐரோப்பாவில் எலுமிச்சை. செய்கிற வேலை ஒன்றுதான்.

இரண்டாவது காரணம் கொழுப்பு. மத்தியையோ கானாங்கெளுத்தியையோ நறுக்கும்போது தோலுக்கு அடியில், பக்கவாட்டில் ஒரு கருஞ்சிவப்புப் பட்டை தெரியும். ஓயாமல் நீந்துகிற மீன்களுக்கு ஆக்சிஜனைச் சேமிக்கும் மையோகுளோபின் நிறைய வேண்டும்; அதன் நிறம் அது. அதிலுள்ள இரும்பு, மீன் எண்ணெய் காற்றோடு சேர்ந்து சிக்குவாடை அடிப்பதை வேகப்படுத்துகிறது. கிழங்கான் அப்படியல்ல. மணல் தரையை ஒட்டித் திரியும். ஆபத்து என்றால் மணலுக்குள் புதைந்துகொள்ளும். நெடுந்தூரம் ஓடுகிற வேலை அதற்கு இல்லை. அதனால் சதை வெள்ளை, கொழுப்பு குறைவு, மணம் மெல்லியது.

இனி அடுப்பங்கரைக்கு வருவோம். கவலை, மத்தி வகைக்கு மண்சட்டியில் நல்லெண்ணெய், வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, கெட்டியான புளிக்கரைசல். குழம்பு நன்றாகக் கொதித்து, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து மிதக்கும்வரை மீன் பக்கம் போகக் கூடாது. மீன் தசையை இணைக்கிற கொலாஜன், ஆட்டுக்கறியில் இருப்பதைவிடக் குறைவு; 50, 55 டிகிரி சூட்டிலேயே கரையத் தொடங்கிவிடும். 60 டிகிரியில் மீன் வெந்தே போகும். கொதிக்கிற குழம்போ 100 டிகிரியை ஒட்டியிருக்கும். கடைசியில் போட்டு, சில நிமிடங்களில் அடுப்பை அணைத்தால் போதும். மிச்சத்தைச் சட்டியின் சூடு பார்த்துக்கொள்ளும். கரண்டி போடாமல் துணியால் சட்டியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். நெய்வேலியில் தயாரான லெகோ கரி ஒரு காலத்தில் தமிழ்நாட்டு அடுப்புகளில் எரிந்தது. புகையில்லாமல் நின்று கனலும் அந்தத் தணலை மீன் குழம்புக்கென்றே செய்தார்களோ என்னவோ!

கிழங்கானுக்கும் வவ்வாலுக்கும் மஞ்சள், உப்பு, கொஞ்சம் மிளகு. தோசைக்கல்லில் எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகே மீனைப் போட வேண்டும். காயாத கல்லில் தோல் ஒட்டிக்கொள்ளும். விரல் கனத்துக்கு மசாலா பூசினால் நீங்கள் சாப்பிடுவது மசாலா, மீன் அல்ல. இத்தனை விலை கொடுத்து அதற்கு மீன் எதற்கு?

சுறா தனி ரகம். சுறாவும் திருக்கையும் உப்பைச் சமாளிக்க யூரியாவையே உடம்பில் வைத்துக்கொள்கின்றன, சதையின் எடையில் 2 சதவீதம் அளவுக்கு. நெய்வேலிக்காரர்களுக்கு யூரியா புதிதல்ல, இங்கிருந்த உரத் தொழிற்சாலையில் மூட்டை மூட்டையாகத் தயாரானதுதான். செத்த சுறாவில் அது அம்மோனியாவாக மாறி மூக்கைத் துளைக்கும். சுறாப் புட்டின் செய்முறையை இப்போது பாருங்கள்: மஞ்சள் தண்ணீரில் வேக வைத்து, தோலை உரித்து, உதிர்த்து, உள்ளங்கையில் வைத்துச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பிழிகிறோம். யூரியாவும் அம்மோனியாவும் தண்ணீரில் கரைபவை. பிழிந்த நீரோடு போய்விடுகின்றன. அதன் பிறகுதான் பூண்டும் இஞ்சியும் வெங்காயமும்.

ஏரி மீனில் கவுச்சி குறைவு. கெண்டையிலும் கெளுத்தியிலும் வரும் மண்வாடை ஜியோஸ்மின் என்ற பொருளால் வருவது. நீலப்பச்சைப் பாசியும் மண்ணிலுள்ள சில நுண்ணுயிர்களும் அதை உண்டாக்குகின்றன. முதல் மழையில் எழும் மண் மணமும் அதுவே. ஒரு கிராமை நூறு கோடி பங்காக்கி, அதில் பத்துப் பங்கு ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். தோலிலும் கருஞ்சதையிலும் அது அதிகம் தங்கும். கல்லுப்புப் போட்டு உரசிக் கழுவி, வழுவழுப்பு போனதும் புளிக் குழம்பில் போடுங்கள். அமிலத்தில் ஜியோஸ்மின் சிதைந்துவிடும்.

புளியாலும் சூட்டாலும் சரிசெய்ய முடியாதது ஒன்று உண்டு. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி ஆகியவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஏராளம். ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமின் ஆக்கிவிடும். சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு தடித்துப்போகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. மீன் பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம். கடலூரிலிருந்து வண்டியில் வந்த மீன் இது என்பதை நினைவில் வைத்து, ஐஸில் புதைத்து வைத்திருக்கும் கடையாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஆய்ந்து குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மற்ற வேலைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.