காலாவதித் தேதிக்குப் பின்னால் ஒரு வெப்பச் சோதனை

பங்குனி பிறந்துவிட்டால் அமராவதி நகரின் தகரக் கூரை வீடுகளில் நண்பகல் வெப்பம் தாங்க இயலாததாகிவிடும். அந்நாள்களில் எங்கள் நீரிழிவுப் பிரிவுக்கு வருவோருள் சிலர், உணவும் மருந்தும் முன்போலவே இருக்க, இரத்தச் சர்க்கரை மட்டும் உயர்ந்துகொண்டே போவதாகக் கூறுவர். இதற்குக் காரணங்கள் பல உண்டு. எனினும் நாங்கள் முதலில் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, இன்சுலினை எங்கே வைக்கிறீர்கள் என்பதாகும். "வண்டிப் பெட்டியிலதானுங்க, தேதி இன்னும் ஒரு வருசம் இருக்குதுங்களே" என்னும் விடை அடிக்கடி வருகிறது. அத்தேதி எவ்வாறு குறிக்கப்படுகிறது என்பதை அறிந்தால், இவ்விடையில் உள்ள சிக்கல் விளங்கும்.

பின்னலாடைத் தொழிலில் இருப்போருக்கு இதை விளக்குவது எளிது. துணியை வெட்டுவதற்கு முன்பே துவைத்து, உலர்த்தி, எவ்வளவு சுருங்குகிறது, சாயம் நிற்கிறதா என்று பார்த்துவிடுகிறீர்கள். மருந்துக்கும் அத்தகைய சோதனை உண்டு. அதற்கு நிலைப்புத்தன்மைச் சோதனை என்று பெயர். வெப்பமும் ஈரப்பதமும் மாறாமல் காக்கப்படும் அறைகளில் மருந்தை வைத்து, குறித்த மாதங்களில் எடுத்துப் பரிசோதிப்பார்கள். ஓர் அறையில் 40 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் இருக்கும். மருந்து அங்கே ஆறு மாதம் இருக்க வேண்டும். இது விரைவுச் சோதனை. வெப்பம் கூடக்கூட வேதிமாற்றம் விரைவதால், நெடுங்காலத்தில் நிகழக்கூடிய சிதைவைச் சில மாதங்களிலேயே காண இது உதவுகிறது. மற்றோர் அறையில், மருந்து விற்கப்படவிருக்கும் நாட்டின் தட்பவெப்பத்துக்கு ஏற்ற நிலையில், ஓராண்டும் அதற்கு மேலும் சோதனை தொடரும்.

மருந்தின் அளவு தொடக்கத்தில் இருந்ததைவிட 5 விழுக்காடு மாறினாலே அது குறிப்பிடத்தக்க மாற்றம் எனக் கணக்கிடப்படுகிறது. நிறம் மாறுகிறதா, மாத்திரை நீரில் உரிய நேரத்தில் கரைகிறதா, சிதைவால் புதிய வேதிப்பொருள்கள் தோன்றியுள்ளனவா என்பனவும் பார்க்கப்படும்.

ஐரோப்பா போன்ற மிதவெப்பப் பகுதிகளுக்கான நீண்டகாலச் சோதனை பெரும்பாலும் 25 டிகிரியில் நடைபெறுகிறது. இந்தியா போன்ற வெப்ப நாடுகளுக்கு அது 30 டிகிரி. நம் ஊரில் வாங்கும் பல மாத்திரை அட்டைகளில் "30 டிகிரிக்குக் கீழ் வைக்கவும்" என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பதன் பின்னணி இதுவே. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த மருந்தாயின் அதில் 25 டிகிரி என்று இருக்கக்கூடும்; வாசித்துப் பாருங்கள்.

ஆகவே காலாவதித் தேதி ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. குறிப்பிட்ட வெப்பத்துக்குள், விற்கப்பட்ட அதே உறையில் வைத்திருந்தால் இந்த நாள் வரை மருந்து தன் ஆற்றலோடு இருக்கும் என்பதே அதன் பொருள். உறை என்பதையும் கவனியுங்கள். சோதனை அறைக்குள் மருந்து தனியாகச் செல்வதில்லை; அட்டையோடும் புட்டியோடும்தான் செல்கிறது. மாத்திரைகளை அட்டையிலிருந்து மொத்தமாகப் பிரித்து ஒரு டப்பாவில் கொட்டி வைத்தால், ஈரமும் ஒளியும் புகாமல் அட்டை தந்த காப்பு போய்விடுகிறது. முதியோருக்கு எளிதாக இருக்கும் என்று அன்போடு செய்யப்படும் செயல்தான் இது. ஒரு வாரத்துக்கு உரியதை மட்டும் பிரித்தால் போதும்.

இதனால் அஞ்சவும் வேண்டாம். மின்சாரம் இல்லாத ஒரு பிற்பகலில் அலமாரியின் வெப்பம் 36 டிகிரியைத் தொட்டதற்காக இரத்த அழுத்த மாத்திரைகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பெரும்பாலான மாத்திரைகள் 40 டிகிரிச் சோதனையைத் தாண்டி வந்தவை. கவலைக்குரியவை வேறு: நீர் கலந்த பின் குழந்தைகளுக்குத் தரும் சில ஆன்டிபயாடிக் மருந்துகள், மலக்குடல் வழி வைக்கும் மருந்துகள், இன்சுலின். மூச்சிழுப்பான் குப்பிகளைப் பொறுத்தவரை, அழுத்தத்தில் அடைக்கப்பட்டவை ஆதலின் கடும் வெயிலில் வெடிக்கவும் கூடும்.

இன்சுலின் ஒரு புரதம். வெப்பத்தால் சிறிது சிறிதாகச் சிதையும். உறைந்தாலோ அதை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. அது எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், 32 டிகிரியிலும் 37 டிகிரியிலும் 28 நாள் வைக்கப்பட்ட இன்சுலின் தன் ஆற்றலில் 14 முதல் 18 விழுக்காடு இழந்திருந்தது. இருபது யூனிட் போட்டுக்கொள்பவருக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் குறைந்ததற்கு இது ஒப்பாகும்.

இதற்கு மாறான ஒரு முடிவு 2021இல் வந்தது. கென்யாவின் அகதி முகாம் ஒன்றில் குளிர்சாதனப் பெட்டி இல்லாத குடும்பங்கள் இன்சுலினை வீட்டில் வைக்க முடியாததால், ஊசிக்காக நாள்தோறும் மருத்துவமனைக்கு நடக்க வேண்டியிருந்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் இணைந்து, அங்குள்ள வீட்டு வெப்பத்தை அளந்தன. அது இரவில் 25, பகலில் 37 டிகிரி என ஏறி இறங்கியது. அதே ஏற்ற இறக்கத்தை ஆய்வகத்தில் உருவாக்கி நான்கு வாரம் இன்சுலினைச் சோதித்தபோது, ஆற்றல் இழப்பு 1 விழுக்காட்டுக்கு மேற்படவில்லை.

எதை நம்புவது? இரு ஆய்வுகளின் முறைகளும் வேறு. ஒன்றில் வெப்பம் குறையாமல் நீடித்தது, மற்றொன்றில் இரவு தணிந்தது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது முறையன்று. ஆயினும் எங்களுக்கு முதன்மையாகப் படுவது வேறொன்று. இவ்விரண்டிலும் வெப்பம் 37 டிகிரியைத் தாண்டவில்லை. வெயிலில் நிறுத்திய வாகனத்தின் மூடிய பகுதியில் வெப்பம் 50 டிகிரியையும் கடக்கலாம். தங்கள் வண்டிப் பெட்டிக்கு எந்த ஆய்வும் உத்தரவாதம் தரவில்லை.

செய்யத்தக்கவை சில. திறக்காத இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள், நடுத்தட்டு நல்லது. ஃப்ரீசரை ஒட்டிய இடம் வேண்டாம். பனிக்கட்டியை நேராகத் தொடும்படி வைத்து எடுத்துச் செல்வதும் அதே தவறுதான். இடையில் ஒரு துணியாவது இருக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள இன்சுலினைப் பொதுவாக 30 டிகிரிக்குக் கீழ் ஏறத்தாழ நான்கு வாரம் வெளியே வைக்கலாம். இது மருந்துக்கு மருந்து மாறும் என்பதால் தங்கள் மருந்தின் தாளைப் பாருங்கள். திறந்த தேதியைப் புட்டியின் மேல் எழுதி வையுங்கள்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், நீர் புகாத டப்பாவில் இன்சுலினை இட்டு, ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள், காற்றோட்டமுள்ள நிழலில் வைக்கலாம். பானையின் புறத்தில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் தணிகிறது. வறண்ட கோடையில் இம்முறை நன்கு பயன்படும். மழைக்காலத்தில் அவ்வளவு பயன் தராது. பனியன் கம்பெனியில் பணிபுரிவோர் மதிய ஊசிக்கான இன்சுலினை வண்டியில் விடாமல் கைப்பையில் எடுத்துச் சென்று, அயர்ன் மேசைகளுக்கும் கொதிகலனுக்கும் அப்பால் வையுங்கள். மேற்பார்வையாளரிடம் ஒருமுறை சொல்லி வைத்தால், அலுவலக அறையில் ஓர் இடம் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கியிருந்தாலும், கலக்கிய பின்னும் புட்டியில் கட்டிகளோ ஒட்டிய துகள்களோ தெரிந்தாலும் அதைப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆனால் ஆற்றல் குறைந்த இன்சுலின் கண்ணுக்கு நன்றாகவே தோன்றவும் கூடும். ஐயம் எழுந்தால் அளவைத் தாங்களாகவே கூட்ட வேண்டாம். பிறகு புதிய புட்டியைத் திறக்கும்போது அதே அளவு மிகையாகி, சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். அடுத்த முறை வரும்போது பழைய புட்டியையும் உடன் கொண்டு வாருங்கள்; மருந்தகத்தில் பார்த்துச் சொல்வார்கள்.