கேத்தியிலிருந்து டர்பன் வரை: மலைக்காரர் கண்ணில் ஒரு கடற்கரை

ஊட்டி மலை ரயில் கேத்தி ஸ்டேஷனில் நின்றால் போதும், செல்போன்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பிவிடும். கீழே பள்ளத்தாக்கு, படிப்படியாகக் கேரட் தோட்டங்கள், சரிவெங்கும் ஓட்டு வீடுகளும் தேயிலையும். 1902இல் இந்தப் பள்ளத்தாக்கில் தென்னாப்பிரிக்கர்களுக்கு ஒரு முகாம் இருந்தது. சுற்றுலா வந்தவர்கள் அல்லர், போர்க் கைதிகள். பிரிட்டிஷாரோடு மோதிய, டச்சு வழிவந்த போயர்களைக் கப்பலேற்றி இந்தியாவின் பல ஊர்களில் அடைத்து வைத்தார்கள். திருச்சி, பெல்லாரி, அகமத்நகர் என்று நீளும் அந்தப் பட்டியலில் வெலிங்டனும் கேத்தியும் உண்டு. ரயில் அன்று குன்னூரோடு நின்றது. ஊட்டிக்கு அது ஏறியது 1908இல்தான்.

அந்தப் போரின் கடுமையான சண்டைகள் சில நடந்த இடம் நேட்டால். லேடிஸ்மித் முற்றுகையும் ஸ்பியான் கோப் போரும் அங்கேதான். காயம்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களைத் தூக்கிச் சுமக்க காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர்கள். தமிழர் அங்கே ஸ்ட்ரெச்சர் தூக்க, போயர்கள் இங்கே மலையேறி வந்தார்கள். நீலகிரிக்கும் அந்தக் கடற்கரைக்கும் உள்ள உறவு அப்படிப் பழையது.

இன்று அந்த மாநிலத்தின் பெயர் குவாசூலு-நேட்டால். தலைநகர் பீட்டர்மரிட்ஸ்பர்க். 1893 ஜூனில் காந்தியை முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிவிட்டது அந்த ஊர் ஸ்டேஷனில்தான். பெரிய நகரம் டர்பன். சூலு மொழியில் எதேக்வினி. வாஸ்கோ ட காமா 1497 கிறிஸ்துமஸ் சமயத்தில் இந்தக் கரையோரம் போனதால், போர்ச்சுகீசிய மொழியில் கிறிஸ்துமஸைக் குறிக்கும் 'நேட்டால்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கிழக்கே இந்தியப் பெருங்கடல், மேற்கே டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடர். அந்த மலைத்தொடரில் 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த சிகரங்கள் உண்டு. நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான்.

பத்து ஷில்லிங் சம்பளம்

1860 அக்டோபரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. நவம்பர் 16ஆம் தேதி டர்பனில் அதிலிருந்து 342 பேர் இறங்கினார்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம், முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங், பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் ஏற்றம். 1911இல் இந்த ஏற்பாடு நிற்பதற்குள் 1,52,184 பேர் அங்கே போய்விட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள்.

ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் போடாமல் அங்கேயே தங்கிவிட்டவர்கள் மீது 1895இல் ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி போட்டார்கள். மாதம் பத்து, பதினான்கு ஷில்லிங் வாங்குகிறவருக்கு மூன்று பவுண்டு என்பது அறுபது ஷில்லிங். நான்கு முதல் ஆறு மாதச் சம்பளம். வீட்டில் மனைவிக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் தனித்தனியாக வேறு கட்ட வேண்டும். 1913 வேலைநிறுத்தம் இந்த வரிக்கு எதிராகத்தான் பற்றி எரிந்தது. சிறை சென்று திரும்பிய தில்லையாடி வள்ளியம்மை அடுத்த பிப்ரவரியில் இறந்தார். 1914இல் வரி ரத்தானது.

கூடலூர், கோத்தகிரி, குன்னூர் லயன்களில் வசிப்பவர்களுக்கு இந்தக் கதையைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. இவர்களின் முன்னோரைக் கங்காணி இலங்கைக்கு அழைத்துப் போனார். நேட்டால் தமிழரின் முன்னோரை ஏஜெண்ட் அங்கே அனுப்பினார். வேறுபாடு பிறகு வந்தது. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து லட்சக்கணக்கானோர் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களுக்கு வேலை தர 1968இல் வனத்துறை தொடங்கிய தேயிலைத் தோட்டம்தான் பின்னாளில் டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. 'தாயகம் திரும்பியோர்' என்ற பெயர் அவர்களோடு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நேட்டாலில் தங்கிவிட்டவர்களுக்குத் திரும்ப வேண்டிய தாயகம் என்று ஒன்று இல்லாமல் போனது. அந்த மண்ணே ஊராயிற்று.

அங்கேயும் தேயிலை, அங்கேயும் சீகை

நேட்டாலிலும் தேயிலை விளைந்தது. இலங்கையைப் போலவே அங்கும் காபி நோய்கண்டு போக, லீஜ் ஹூலெட் என்ற தோட்ட முதலாளி டர்பனுக்கு வடக்கே கியர்ஸ்னியில் 1870களின் கடைசியில் தேயிலை நட்டார். கொழுந்து பறித்தவர்கள் ஒப்பந்த இந்தியர்கள். 1911க்குப் பிறகு மலிவான ஆள் கிடைக்கவில்லை. தேயிலை மெல்ல ஓய்ந்து கரும்பு அந்த நிலத்தைப் பிடித்துக்கொண்டது. ஹூலெட் பெயர் இன்று அங்கே சர்க்கரையோடுதான் சேர்ந்து ஒலிக்கிறது.

சீகை மரத்தின் கதை இன்னும் நெருக்கமானது. ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்கு வந்த அதே கறுப்புச் சீகை 1864இல் நேட்டாலிலும் ஊன்றப்பட்டது. தோல் பதனிடும் பட்டைக்காக இரண்டு இடத்திலும் பயிராக வளர்த்தார்கள். இரண்டு இடத்திலும் அது புல்வெளியைத் தின்று நீரோடைகளை வற்ற வைத்தது. தென்னாப்பிரிக்கா 1995இல் 'தண்ணீருக்காக உழைப்பு' என்ற திட்டம் தொடங்கி, கிராமத்து ஏழைகளுக்குக் கூலி கொடுத்து அந்நிய மரங்களை வெட்ட வைத்தது. சோலையை மீட்க சீகையையும் கற்பூர மரத்தையும் அகற்றும் பேச்சு இங்கே நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அங்கிருந்து வாங்கியும் இருக்கிறோம்: ஊட்டியின் சதுப்புகளில் தானாகப் பூத்து நிற்கும் வெள்ளைக் காலா லில்லிக்குச் சொந்த ஊர் தென்னாப்பிரிக்கா.

போய் இறங்கினால்

இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம். கோவையிலிருந்தோ சென்னையிலிருந்தோ நேரடி விமானம் இல்லை. வளைகுடா வழியாகப் போவது வழக்கம். கென்யா, எத்தியோப்பியா வழியாகப் போனால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றைக் கையில் வைத்திருப்பது நல்லது. 2010 உலகக் கோப்பைக் கால்பந்துக்காகத் திறந்த கிங் ஷாகா விமான நிலையம் நகருக்கு வடக்கே, கரும்புக் காடுகளுக்கு நடுவே இருக்கிறது. கடிகாரத்தை மூன்றரை மணி நேரம் பின்னுக்குத் தள்ள வேண்டும். வண்டிகள் நம்மூர்போல் இடப்பக்கம்தான். சார்ஜர் செருகும்போதுதான் வேடிக்கை: அங்கே சாதாரணச் சுவர் பிளக் பாயிண்டே, நம் வீட்டு கீசருக்குப் போடும் தடித்த மூன்று முள் அளவில் இருக்கும். சின்ன பிளக்கோடு போனால் அடாப்டர் தேட வேண்டிவரும்.

பருவம் தலைகீழ். நீலகிரியில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் டர்பனில் குளிர்காலம். குளிர் என்றால் பகலில் 23 டிகிரி. ஊட்டிக்காரர் அதைக் கோடை என்பார். மழையும் அப்போது குறைவு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெயிலும் புழுக்கமும் சேர்ந்து சென்னையை நினைவூட்டும். கடல் ஆண்டு முழுவதும் குளிக்கத் தோதானது. சுறாக்கள் வராமல் கரையோரம் வலை கட்டும் வழக்கம் டர்பனில் 1952இலேயே தொடங்கிவிட்டது.

சாப்பாட்டில் ஊருக்கே அடையாளம் 'பன்னி சௌ'. முயலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெரிய ரொட்டியைக் கால்வாசி அல்லது பாதியாக வெட்டி, உள்ளே இருக்கும் பஞ்சைத் தோண்டியெடுத்து, குழியில் மட்டன் குழம்போ பீன்ஸ் குழம்போ ஊற்றித் தருவார்கள். தோண்டிய பஞ்சு மேலே மூடியாக உட்காரும். முதலில் அந்த மூடியைக் குழம்பில் தோய்த்துத் தின்று, பிறகு சுவரைப் பிய்த்துக்கொண்டே இறங்க வேண்டும். ஸ்பூன் கேட்டால் வெளியூர் ஆள் என்று தெரிந்துபோகும். 'கால் மட்டன்' என்று கேட்டால் கால்வாசி ரொட்டியில் மட்டன் வரும், ஆட்டுக்கால் வராது.

டர்பன் பக்கத்து மவுண்ட் எட்ஜ்கம்பில் கரும்புத் தோட்டத்தை ஒட்டிப் பழைய பிள்ளையார் கோயில் ஒன்று உண்டு. கேட்டோ மேனர் அம்பலவாணர் ஆலயத்தில் தீமிதி நடப்பது புனித வெள்ளியன்று. தோட்ட முதலாளிகள் அன்றைக்குத்தான் விடுமுறை கொடுத்தார்கள் என்பது அங்கே சொல்லப்படும் காரணம். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை அவர்கள் ஆங்கிலத்தில் 'கஞ்சிப் பூசை' என்ற பொருள்பட அழைக்கிறார்கள். ஏப்ரலில் ஊட்டி மாரியம்மன் தேரைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்தக் கூட்டம் அந்நியமாகத் தெரியாது.

ஒரு சொல்லில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். நம் எஸ்டேட்டுகளில் 'கூலி' என்பது வாரக் கடைசியில் கைக்கு வரும் காசு. தென்னாப்பிரிக்காவில் அது இந்தியரைக் கேவலப்படுத்தும் வசைச்சொல். பேச்சுவாக்கில்கூட அது வாயில் வரக்கூடாது.

அங்கே வாழ்வது

பெயரைக் கேட்டதும் நம்மவர் என்று தோன்றும். நாயுடு அங்கே 'நாய்டூ', பிள்ளை 'பிள்ளே', முதலி 'மூட்லி', கவுண்டர் 'கோவெண்டர்', படையாச்சி 'படையாச்சீ'. தமிழ்நாடு பெயருக்குப் பின்னால் வெட்டியெறிந்த சாதியை அங்கே பதிவேடு குடும்பப் பெயராகக் கெட்டிப்படுத்திவிட்டது. ஆனால் வீட்டுக்குள் பேச்சு ஆங்கிலம். 'தமிழ்' என்பது பலருக்கு மொழியைவிட வழிபாட்டு முறையின் பெயர். 'நாங்கள் தமிழ்' என்றால் மாரியம்மனைக் கும்பிடும் குடும்பம் என்று அர்த்தம். அதே சமயம் 1996இன் தென்னாப்பிரிக்க அரசியல் சட்டம், மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

குடியிருப்பிலும் வரலாறு கண்ணில் படும். 1950இன் குழுப் பகுதிகள் சட்டம் ஒவ்வொரு இனத்துக்கும் தனி இடம் ஒதுக்கியது. கேட்டோ மேனரிலிருந்து கிளப்பப்பட்ட இந்தியக் குடும்பங்களுக்கு 1960களில் சாட்ஸ்வர்த், 1970களில் பீனிக்ஸ். வரிசை வரிசையாக ஒரே அச்சில் வீடுகள். எஸ்டேட் லயன் பார்த்தவருக்கு அந்த வடிவம் பழக்கமானது. 1991இல் அந்தச் சட்டம் ரத்தானபின் யாரும் எங்கும் வாழலாம் என்றாலும் அந்தப் பேட்டைகள் பெரும்பாலும் இந்தியப் பேட்டைகளாகவே இருக்கின்றன.

பிழைக்கப் போகிறவர் இரண்டு உண்மைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, பாதுகாப்பு. குற்றங்கள் அதிகமுள்ள நாடு அது. வீட்டுக்கு இரும்புக் கம்பியும் அலாரமும் சாதாரணம், இருட்டியபின் நடந்து போவதில்லை. 2021 ஜூலைக் கலவரத்தில் கடைகள் சூறையாடப்பட்டு 300க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பீனிக்ஸில் இந்தியர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையே ரத்தம் சிந்தியது. காந்தி 1904இல் ஆசிரமம் அமைத்த இடம் அதற்கு அருகில்தான்.

இரண்டாவது, மழை. 2022 ஏப்ரலில் டர்பனைச் சுற்றி ஓரிரு நாளில் கொட்டித் தீர்த்த மழையில் 400க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சரிவுகளிலும் ஆற்றோரங்களிலும் தகரம் வேய்ந்து வாழ்ந்த ஏழைகள்தான் அதிகம் அடிபட்டார்கள். 2009 நவம்பரில் குன்னூர், ஊட்டி, கோத்தகிரிப் பகுதிகளில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் புதைந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படங்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

விசாவுக்கும் விடுதிக்கும் பணம் கட்டும் முன் நாட்காட்டியைப் பாருங்கள். தீமிதியைக் காண வேண்டுமென்றால் புனித வெள்ளிக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். கடலும் மலையும் போதுமென்றால் ஜூன், ஜூலை. நீலகிரியில் சீசன் முடிந்து ஊர் வெறிச்சோடும் மாதங்கள் அவை.