நூலில் பூத்த சோலை

நாவால் பேசுவதும் ஏட்டில் எழுதுவதும் மட்டுமே மொழி அன்று. ஊசியும் நூலும் தறியுங்கூட மனித உள்ளத்தை எடுத்துரைக்க வல்லவை. இதற்குச் சிறந்த சான்று, முன்னாளில் பாரசீகம் என்று அழைக்கப்பட்ட ஈரான் நாட்டின் கைவினைத் துணிகள். அவற்றின் அழகை வியப்போர் பலர். அவற்றிலுள்ள பூவும் மரமும் எதைச் சொல்கின்றன என்று கேட்போர் சிலரே. தோழியரே, அக்கேள்வியை நாம் சற்றுக் கேட்டுப் பார்ப்போமா?

மதில் சூழ்ந்த தோட்டம்

ஈரானின் பெரும்பகுதி மழை குறைந்த மேட்டுநிலம். மலையடியில் ஊறும் நீரை நிலத்தடிக் கால்வாய்கள் வழியே நெடுந்தொலைவு கொணர்ந்தே அம்மக்கள் பயிர் செய்தனர். ஆதலால் நீரும் நிழலும் நிறைந்த சோலையே அவர்களுக்கு இன்பத்தின் வடிவமாயிற்று. இச்சோலையைத் தரையில் விரிப்பதே தோட்டக் கம்பளம். நீல நிறப் பட்டைகள் வாய்க்கால்கள். அவற்றில் மீன்கள் நீந்தும். வாய்க்கால்கள் பிரிக்கும் பாத்திகளில் மரங்களும் மலர்களும் நிற்கும். சுற்றிவரும் கரையை மதிலாகக் கொள்ளலாம். வெளியே பனி பொழிந்தாலும் வீட்டுக்குள் வசந்தம் வாடுவதில்லை. 'மதில் சூழ்ந்த இடம்' என்னும் பழைய ஈரானியச் சொல்லே கிரேக்க மொழி வழியாக விவிலியத்தில் புகுந்து, நாம் அறிந்த 'பரதீசு' ஆயிற்று என்பது எண்ணி மகிழத்தக்கது.

மரமும் கனியும்

இச்சோலையில் முதலிடம் சைப்ரஸ் மரத்துக்கே. எக்காலத்தும் இலையுதிராமல் பசுமையாய் நிற்பதால் அது நிலைத்த வாழ்வின் அடையாளம். விதைகள் நிறைந்த மாதுளை, வளத்தையும் மக்கட்பேற்றையும் குறிக்கும். மலைநாட்டுக் குடிகளின் விரிப்புகளில் தோன்றும் சிங்கம் வீரத்தின் சின்னம்.

'போத்தே' என்னும் வடிவம் இவற்றுள் மிகவும் புகழ் பெற்றது. நுனி வளைந்த துளி போன்ற அதனைக் காற்றில் தலை சாய்த்த சைப்ரஸ் என்பர் சிலர். சரதுஷ்டிர சமயத்தாரின் புனிதச் சுடர் என்பர் வேறு சிலர். நெய்தவர்கள் தம் கருத்தை எழுதி வைக்காததால், ஒரு சின்னத்துக்கு ஒரே பொருள் என்று அறுதியிட முடியாது. யஸ்து நகரின் 'தெர்மே' என்னும் பட்டுக் கம்பளித் துணியிலும், கெர்மான் பெண்கள் கம்பளித் துணியில் ஊசியால் இழைக்கும் 'பதே' வேலையிலும் இவ்வடிவம் சிறப்பிடம் பெறுகிறது. காஷ்மீர்ச் சால்வைகளில் ஏறி ஐரோப்பா சென்று, ஸ்காட்லாந்தின் நெசவு நகரான பெய்ஸ்லியின் பெயரைப் பெற்றதும் இதுவே. நம் பட்டுச் சேலையின் மாங்காயும் இதன் உறவே. இஸ்பகான் நகரில் மர அச்சுகளால் பதிக்கும் துணிக்கு 'கலம்கார்' என்று பெயர். நம் நாட்டுக் 'கலம்காரி'யும் அதே பாரசீகச் சொல்லே. 'கலம்' என்றால் எழுதுகோல்.

பெயர் பெற்றவரும் பெறாதவரும்

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அர்தபில் கம்பளம் உள்ளது. அதன் நீளம் சுமார் பத்தரை மீட்டர். முடிச்சுகளோ இரண்டரைக் கோடிக்கும் மேல். நடுவே கதிரவன் போன்ற பெரும் பதக்கம். அதன் இரு புறமும் தொங்கும் விளக்குகள். ஓரத்தில் கி.பி. 1539-40-க்கு நிகரான ஆண்டும், காஷான் நகர மக்சூத் என்னும் பெயரும் நெய்யப்பட்டுள்ளன. ஆயினும் அத்தனை முடிச்சுகளையும் ஒருவர் இட்டிருக்க முடியாது. மற்றக் கைகளின் பெயர் எங்கே?

ஃபார்ஸ் மாநிலத்துக் கஷ்காய் நாடோடிப் பெண்களும் அவ்வாறு பெயர் பெறாதவர்களே. ஆடு மேய்த்து இடம் பெயரும் அவர்கள், தரையில் கிடத்தி நெய்யும் தறியைச் சுருட்டி உடன் கொண்டு செல்வர். 'கப்பே' என்னும் தடித்த விரிப்பை நெய்ய அவர்களுக்கு வரைபடம் வேண்டியதில்லை. கண்ட மலையும் வளர்த்த ஆடும் நினைவிலிருந்து நூலில் இறங்கும். மஞ்சிட்டி இன வேர் சிவப்பையும், அவுரி நீலத்தையும், மாதுளைத் தோல் மஞ்சளையும் தரும். தாயிடமிருந்து மகள் கற்பதே பள்ளி. 2010-ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் ஃபார்ஸ், காஷான் ஆகிய இரு பகுதிகளின் கம்பள நெசவையும் மனிதகுல மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

இப்பெருமைக்கிடையே வருத்தமும் உண்டு. முடிச்சு முடிச்சாக நெய்யும் வேலை கண்ணையும் முதுகையும் வாட்டும், கூலியோ குறைவு. இயந்திரக் கம்பளங்கள் மலிவாக வந்துவிட்டன. 2018-இல் அமெரிக்கா இறக்குமதித் தடையை மீண்டும் விதித்ததும் பெரும் சந்தை ஒன்று மூடப்பட்டது. மகள் வேறு வேலை தேடிச் சென்றால் அவளைக் குறை கூற இயலுமா? கலை வாழவேண்டுமெனில் கலைஞர் வயிறார வாழவேண்டும் அன்றோ!

இயந்திரம் சைப்ரஸின் வடிவை நொடியில் அச்சிடும். ஆனால் வறண்ட நிலத்தில் நிழலுக்கு ஏங்கியவள் அதை ஏன் நெய்தாள் என்பதை அது அறியாது. இனி அழகிய துணி ஒன்றைக் காணும்போது, விலையைக் கேட்குமுன், 'இதை நெய்த கை யாருடையது?' என்று கேட்கப் பழகுவோம். பெயர் தெரியாத அச்சகோதரிகளுக்கு நாம் செலுத்தக்கூடிய முதல் மரியாதை அதுவே.