கலங்கல் நீரும் கடல்கட்டியும்

ஐப்பசி மழை வலுத்துவிட்டால் மரக்காணத்து உப்புப் பாத்திகளில் வேலை நின்றுபோகும். வெள்ளைக் குவியல்களைத் தார்ப்பாயும் ஓலையும் மூடிக்கிடக்கும். கழுவெளிச் சதுப்புநிலம் நிரம்பி, மண் கரைந்த நீர் கழிமுகம் வழியே கடலில் இறங்கும். அந்த நாட்களில் கரையோரம் பழுப்பேறிக் கிடக்கும். இடுப்பளவு நீரில் நிற்பவருக்குத் தன் பாதம் தெரியாது. சுறாவைப் பற்றிய பேச்சை இந்த நீரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கலங்கலில் நமக்குக் கண் போய்விடுகிறது. சுறாவுக்கு வேறொரு புலன் இருக்கிறது. மீன் ஏலம் போகும் இடத்தில் பால்சுறா ஒன்று கிடந்தால் அதன் மூக்கடியைப் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோல நிறைய புள்ளிகள். பெருவிரலால் அழுத்தினால் தெளிந்த கூழ் வழவழவென்று கசியும். ஒவ்வொரு புள்ளியும் கூழ் நிரம்பிய ஒரு நுண்குழாயின் வாய். 1678இல் இத்தாலியரான ஸ்டெபானோ லோரன்சினி இவற்றை விவரித்து எழுதினார். ஆனால் இவை மின்சாரத்தை உணர்பவை என்பது விளங்க இருபதாம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது. உயிருள்ள எந்த உடலைச் சுற்றியும் மிக மெல்லிய மின்புலம் உண்டு. உப்புநீர் அதைக் கடத்தும். மணலுக்குள் புதைந்திருக்கும் இரையைச் சுறா கண்டுபிடிப்பது இப்படித்தான். அந்தப் புலனுக்கு எட்டுவது அரை மீட்டர் அளவுதான். பக்கத்தில் ஏதோ அசைகிறது என்று தெரியும்; அது மீனா, மனிதக் காலா என்று தெரியாது. மனிதர்மீது விழும் கடிகளில் பல, இப்படி ஆள் தெரியாமல் நேர்ந்தவை என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

நல்ல வேளையாக, நீரில் உப்புக் குறைந்தால் பெரும்பாலான சுறாக்கள் விலகிப் போய்விடும். கடலின் உப்புக்கு ஈடாக அவை யூரியாவை இரத்தத்திலேயே சேர்த்து வைத்திருப்பவை. சுறாக் கருவாடு காயும் இடத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி, அந்த யூரியா அமோனியாவாக மாறுவதால் வருவது. காளைச் சுறா இதற்கு விலக்கு. ஆற்றில் ஏறும்போது யூரியாவைக் குறைத்துக்கொண்டு, நீர்த்த சிறுநீரை ஏராளமாகக் கழித்து அது பிழைத்துக்கொள்ளும். கழிமுகத்தில்தான் குட்டி போடும். 2024 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்துப் பால்கர் மாவட்டத்தில், வைதர்ணா ஆற்றில் இறங்கிய ஒருவரின் காலைச் சுறா கடித்ததாக வந்த செய்தி பலரை அதிர வைத்தது. ஆற்றில் சுறாவா என்ற அந்த வியப்புக்கு விடை காளைச் சுறாவின் சிறுநீரகத்தில் இருக்கிறது.

அதே 2024இல் உலகம் முழுவதிலும், சீண்டாமலே சுறா கடித்ததாகப் பதிவானவை 47. நாம் ஆண்டுதோறும் கொல்லும் சுறாக்களோ கோடிக்கணக்கில். இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் சுறா அச்சத்தோடு பல நூற்றாண்டுகள் வாழ்ந்திருக்கிறார்கள். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்ட அவர்களுக்குக் ‘கடல்கட்டி’ என்று ஒருவர் இருந்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்கோ போலோ அப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்: கூலி, எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு, கட்டு பகலுக்கு மட்டும், இரவில் அவிழ்த்துவிடுவார்கள். ஆங்கிலேயர் ஆட்சியிலும் கடல்கட்டி இல்லாமல் குளியாட்கள் கடலில் இறங்க மறுத்தார்கள். மந்திரத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அந்த ஏற்பாட்டைப் பாருங்கள்: குளிப்பு நடந்தது காற்றடங்கிய பங்குனி, சித்திரையில்; நீர் தெளிந்திருக்கும்; வெளிச்சம் இருக்கும்போது மட்டும்; சுற்றிலும் படகுகளும் ஆளரவமும். சுறா ஆளைத் தவறாக எண்ணுவதற்கு அங்கே வழியே குறைவு.

மரக்காணத்தில் மழை விட்டுக் கடல் தெளியும்வரை, குளிக்க வருபவர்கள் கழிமுகத்தையும் மீன்கழிவு கொட்டும் இடத்தையும் விட்டுத் தள்ளியே இறங்கட்டும். அந்தி சாயுமுன் ஏறிவிடட்டும். சுறா வராவிட்டாலும், அந்த நாட்களில் கழிமுகத்து இழுப்பு நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும்.