சோஃபாவிலிருந்து கணினியை இயக்க

டிவியோடு இணைத்த கணினிக்கு, டச்பேட் சேர்ந்த வயர்லெஸ் கீபோர்டே சரியான துணை. ரிமோட் போதாதா என்று கேட்கலாம். 'கோடி' போன்ற மென்பொருளில் படத்தை ஓட்டவும் நிறுத்தவும் போதும்தான். ஆனால் ஒரு பாட்டைத் தேடவோ கடவுச்சொல் இடவோ, திரையில் ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்து அழுத்துவது பொறுமையைச் சோதிக்கும். கைபேசிச் செயலி கைகொடுக்க வேண்டுமானால், கணினி முழுதாக இயங்கி நெட்வொர்க்கில் இணைந்திருக்க வேண்டும். யுஎஸ்பி ரிசீவருடன் வரும் கீபோர்டையோ கணினி சாதாரணக் கீபோர்டாகவே கருதுவதால், விண்டோஸ் தொடங்கும் முன்பே அது வேலை செய்யும். ப்ளூடூத் கீபோர்டுகள் பலவற்றில் இந்த வசதி இல்லை.

சிக்னல் விட்டுவிட்டு வருகிறது என்ற குறை உண்மையானது. இந்த ரிசீவர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குபவை, யுஎஸ்பி 3.0 அதே அலைவரிசையில் இரைச்சல் எழுப்புவதை இன்டெல் 2012-இல் விளக்கியது. சிறு நீட்டிப்புக் கேபிளில் ரிசீவரைத் தள்ளி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பாதுகாப்புதான் கனமான ஆட்சேபம். சில மலிவுக் கீபோர்டுகள் நாம் தட்டும் எழுத்துகளைக் குறியாக்கம் இன்றியே அனுப்புவதை 2016-இல் 'கீஸ்னிஃபர்' ஆய்வு காட்டியது. குறியாக்கம் உண்டு என்று தயாரிப்பாளர் உறுதி சொல்லாத கீபோர்டை வாங்காதீர்கள்.