ஏரிக்கான பலம் ஊருக்குள்ளேயே இருக்குது

1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது, திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போய்விட்டது. 1960 ஏப்ரல் 1-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ம.பொ.சி. பேரை எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தப் போராட்டத்துக்கு வேராக நின்றவர்கள் இந்தப் பகுதிக்காரர்கள். மங்கலங்கிழார் தமிழாசிரியர், கே. விநாயகம் வழக்கறிஞர். அவரவர் கையில் இருந்த திறமையே ஆயுதமானது.

கே.ஜி.கண்டிகை பக்கத்து உழவர்களுக்கு இன்றைக்கும் அந்தப் பாடம் உதவும். ஏரி வரத்துக்கால் தூர்ந்துபோனால் எவ்வளவு தொழுவுரம் போட்டும் பலன் இல்லை. 'நம்மகிட்ட என்னங்க இருக்கு?' என்று கேட்பதற்கு முன்னால், ஒரு நோட்டு எடுத்து எழுதிப் பாருங்கள்.

ஆட்கள்

வாய்க்கால் எங்கே தொடங்கி எங்கே திரும்பும் என்பது பழைய நீர்க்கட்டிக்குத் தெரியும். அவரை இளைஞர்களோடு நடக்க வையுங்கள். அடைபட்ட இடங்களைப் படம் எடுக்கட்டும். மனு எழுத ஓய்வுபெற்ற ஆசிரியர் இருப்பார். தெலுங்கு பேசும் குடும்பங்களுக்குத் தெலுங்கிலேயே சொல்ல ஆள் வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள், குத்தகை உழவர்கள், காலனித் தெரு மக்கள் பேரெல்லாம் நோட்டில் வந்துவிட்டதா? வராவிட்டால் அது பாதி ஊர்தான்.

காகிதம்

கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடும் புலப்படமும் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்குது. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தரவேண்டும். ஏரி யாருடையது என்பதையும் பாருங்கள். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் பொதுவாக நீர்வளத்துறை. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். ஆள் மாறி மனு கொடுத்தால் மாதக்கணக்கில் அலையணும்.

இடமும் மேடையும்

கோயில் மண்டபம், பால் சொசைட்டி, சுயஉதவிக் குழுக் கூட்டம் இதெல்லாம் செலவில்லாத இடங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கிராமசபை நாள். தீர்மானம் போட்டு, பதிவேட்டில் ஏறியதைப் பார்த்து, நகல் வாங்குங்கள். அந்த நகலோடு ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போனால், தனிமனுவைவிட அதற்குக் கனம் அதிகம்.

சங்கடமான பக்கம்

வாய்க்காலை மடக்கி உழுதவர் பல நேரம் நம் பங்காளியாகவோ பக்கத்து நிலத்துக்காரராகவோதான் இருப்பார். மனு எழுதுவதற்கு முன்னால் அவரிடம் போய்ப் பேசுங்கள். அவர் மதிக்கிற பெரியவர் யார் என்பதும் நோட்டில் இருக்க வேண்டிய பேர்தான். ஏழையை மட்டும் பிடித்து, வசதியானவரை விட்டுவிட்டால் ஊர் இரண்டாகும், ஏரியும் போகும்.

பணக் கணக்கைக் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். ஒருவர் டிராக்டர் தருவார், ஒருவர் சோறு போடுவார், ஒருவர் ஒருநாள் உழைப்பைத் தருவார். அதற்கெல்லாம் பிறகு மிச்சம் எவ்வளவு தேவையோ அதற்கு மட்டும் வசூல் போதும். வரவு செலவைக் கூட்டத்தில் படித்துக் காட்டிவிடுங்கள்.

அடுத்த கிராமசபைக்கு எத்தனை நாள் இருக்குது என்று பாருங்க. நோட்டை இன்றைக்கே திறங்க.